பூமணி வீட்டுக் கன்று

தக்சிகா ஓடத் தொடங்கிய முதல் நாளே அவளுக்குப் பின்னால் அரை ஊரும் ஓடி வந்தது.

பாப்பாமோட்டையில் காரணமில்லாமல் யாரும் ஓடுவதில்லை. பாம்பு கடித்தால் ஓடுவார்கள், வைக்கோற் போர் பற்றினால் ஓடுவார்கள். விடியற்காலையில் ஒரு குமர்ப்பிள்ளை சப்பாத்துப் போட்டுக்கொண்டு ரோட்டில் ஓடினால் கூடவே ஓடுவதுதான் அயலட்டைக்கு மரியாதை.

"ஆருக்கு என்ன பிள்ளை?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் பக்கத்து வளவு ஏரம்பு. சாரத்தை ஒழுங்காகக் கட்டக்கூட நேரமில்லாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை பெரியப்பா. சும்மா."

"சும்மாவோ?"

அவர் நம்பவில்லை. பின்னால் வந்தவர்களும் நம்பவில்லை. அவளை வீடு வரை கூட்டிவந்து தாய் பூமணியிடம் ஒப்படைத்து, பிள்ளைக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

உண்மையைச் சொல்ல முடியாத நிலைமை. தக்சிகா பொலிஸ் பயிற்சிக்குப் போக இருந்தாள், அதுவும் இரண்டாவது தடவையாக. போன வருடம் போனபோது ஊரே திரண்டு மாலை போட்டு, நிறைகுடம் வைத்து, வடை சுட்டு வழியனுப்பியது. அங்கே முதல் வாரத்திலேயே ஓட்டப் பரீட்சை வைத்தார்கள். பாதி மைதானத்தில் தக்சிகா குந்திவிட்டாள். மாலை வாடுமுன்னே வீடு திரும்பியவளிடம், "என்ன பிள்ளை, லீவோ?" என்று ஊர் அன்போடு கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த அன்பில் அவள் செத்துப் பிழைத்தாள்.

வயதெல்லைப்படி இந்தத் தடவைதான் கடைசி. இதையும் விட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

"எல்லாம் கண்ணூறு, நாவூறு," என்று பூமணி முடிவு கட்டியிருந்தாள். "இந்த முறை நீ போய் ஓடி முடிக்கிற வரைக்கும் ஒரு குஞ்சுக்கும் தெரியக்கூடாது."

"தெரியாமல் எப்பிடியம்மா ரோட்டிலை ஓடுறது?"

பூமணி யோசித்தாள். கொடியில் கிடந்த ஒரு பழைய கயிற்றை எடுத்து மகளின் கையில் கொடுத்தாள். "ஆரும் கேட்டால் கண்டுக்குட்டி அவிட்டுக்கொண்டு ஓடிட்டுது எண்டு சொல்லு."

"எங்களிட்டை மாடே இல்லையே."

"விடியப்புற இருட்டிலை ஆர் அதை யோசிக்கப் போகினம்?"

அடுத்த நாள் விடிய, கயிற்றோடு ஓடியவளை ஏரம்பு தன் வாசல் படலையடியில் மறித்தார்.

"என்ன பிள்ளை, விடியக் கயிறோடை?"

"கண்டு அவிட்டுக்கொண்டு ஓடிட்டுது பெரியப்பா."

ஏரம்பு கயிற்றைப் பார்த்தார், அவள் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார். "ஓ, கண்டோ," என்றார். "எந்தப் பக்கம்?"

"இலுப்பைக்கடவைப் பக்கம்."

"அப்ப ஓடு, ஓடு. கெதியா ஓடு."

பின்னால் யாரும் வரவில்லை. பொய் இவ்வளவு சுலபமாகச் செல்லுபடியாகும் என்று தெரிந்திருந்தால் போன வருடமே சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது.

அந்த நிம்மதி ஒரு நாள்தான் இருந்தது. மறுநாள் ஏரம்பு அவளுக்காகவே காத்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, எங்கட நாம்பனும் அவிட்டுக்கொண்டு ஓடிட்டுது. எனக்கு முழங்கால் ஏலாது. நீ எப்பிடியும் ஓடுறாய்தானே, அதையும் ஒருக்காப் பிடிச்சுக்கொண்டு வா."

வயலில் பயிர் நிற்கும் காலம். ஒரு இளங்காளை இறங்கினால் ஊரே சண்டைக்கு வரும். மறுக்க வழியில்லை. மதகடியில் நாம்பன் நின்றது. மறுநாள் அதைத் தாண்டி வாய்க்காலடியில் நின்றது. பிறகு அதற்கும் அப்பால். பிடிக்கப் போனால் ஓடும், விட்டால் நின்று அசைபோடும். இழுத்துக்கொண்டு வருவதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளும்.

அவளுக்கு யோசனை சொல்பவள் மன்னார்ப் பட்டினத்து டிலானி. போன வருடம் கூடப் போய், ஓடி முடித்து, இப்போது காக்கிச் சட்டையோடு இருப்பவள். தினமும் பின்னேரம் தொலைபேசியில் ஒரு அறிவுரை வரும்.

"சும்மா ஓடினால் காணாது. முதுகிலை பாரம் வைச்சு நட. அப்பதான் கால் இறுகும்."

தக்சிகா ஒரு சாக்கில் மணலைக் கட்டித் தூக்கினாள். கேட்டால் மில்லுக்கு நெல் கொண்டு போவதாகச் சொல்லச் சொன்னாள் பூமணி. ஏரம்புவின் மருமகள் பிரேமினிதான் முதலில் கேட்டாள்.

"மில்லுக்கோ? நல்லதாப் போச்சு. எங்கட நெல்லையும் ஒருக்காக் கொண்டு போய்க் குத்திக்கொண்டு வா."

மணலைக் கொட்டிவிட்டு உண்மையான நெல்லைத் தூக்க வேண்டியதாயிற்று. போகும்போது நெல், வரும்போது அரிசியும் தவிடும். இரண்டு நாளில் பின்வீட்டு நெல்லும் வந்தது, அதற்கடுத்த வீட்டு மிளகாயும் வந்தது.

"ஊர் என்னைக் கழுதையாக்கிப் போட்டுது அம்மா."

"மூச்சுக் காட்டாதை. கேட்டால் என்னத்தைச் சொல்லுவாய்?"

டிலானியின் அடுத்த அறிவுரை இன்னும் கடினமாக இருந்தது. "அங்க ஒரு மேடம் இருக்கிறா. எழும்பினது தொடக்கம் ஏச்சுத்தான். போன முறை நீ அழுதனீ. அழப்படாது. முகம் சுளிக்காமல் நேரை பார்த்துக்கொண்டு நிக்கப் பழகு. அம்மாவை ஏசச் சொல்லு."

பூமணி முயன்று பார்த்தாள். "சனியனே," என்று தொடங்கினாள். "சாப்பிட்டியோடி என்ரை குஞ்சு?" என்று முடித்தாள்.

ஏச்சுக்குத் தட்டுப்பாடு வரவில்லை. நாம்பன் திரும்பி வரப் பிந்துகிறது என்று ஏரம்பு அந்தக் கிழமையிலிருந்து படலையில் நின்று ஏசத் தொடங்கினார். கால் இருக்கா, கட்டையா என்று கேட்டார். ஆமைக்குப் பிறந்தவளோ என்று கேட்டார். தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். தக்சிகா பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தாள். ஒருநாள் வாய் தவறி, "ஓம் சேர்," என்று வந்துவிட்டது. ஏரம்பு சற்றுத் திணறிவிட்டு விட்ட இடத்திலிருந்து ஏசினார்.

இதற்கு மேல் முடியாது என்று அவள் நாலு மணிக்கே எழும்பினாள். நாம்பன் அவிழுமுன் ஓடிவிடலாம் என்பது கணக்கு. நாலு மணிக்கும் அது ரோட்டில் நின்றது. அடுத்த நாள் திசையை மாற்றிக் கடற்கரைப் பக்கம் ஓடினாள். அங்கேயும் நின்றது. அதன் கண்ணிலும் நித்திரை இருந்தது. ஒரு மாட்டுக்கும் தனக்கும் இடையில் இப்படியொரு பூர்வஜென்மப் பகை இருக்குமென்று அவள் நினைத்ததேயில்லை.

பின்னேரம் சோற்றுக் கோப்பையோடு இருந்தபடியே உறங்கிப் போனாள். பூமணி தட்டி எழுப்பினாள்.

"பயிற்சிக்குப் போய்த்தான் அம்மா நான் கொஞ்சம் ஆற வேணும்," என்றாள் தக்சிகா. பகிடியாகச் சொல்லவில்லை.

போகிற நாள் வந்தது. பயணப் பையைப் பூமணி நெற்சாக்குக்குள் வைத்துக் கட்டினாள். சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தவளைப் பிரேமினி பார்த்தாள்.

"மில்லுக்கோ?"

"ஓம் அக்கா."

"கவனமாப் போட்டு வா."

அன்றைக்கென்று அவள் தன் சாக்கைக் கொண்டு வந்து ஏற்றவில்லை. நாம்பனும் அன்றைக்கென்று கட்டின இடத்திலேயே நின்றது. அதையெல்லாம் யோசிக்கத் தக்சிகாவுக்குத் தெம்பு இருக்கவில்லை.

ஓட்டப் பரீட்சையில் போன வருடம் குந்திய அதே இடம் வந்ததும் கால் தயங்கியது. அப்போது கண்ணுக்கு முன்னால் நாம்பனின் பின்புறம் தெரிந்தது. அவள் பற்களை நறநறவென்று கடித்துக்கொண்டு அதைத் துரத்தினாள். எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடியவளை இரண்டு பேர் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. மேடம் ஏசியபோது மற்றப் பிள்ளைகள் அழுதார்கள். தக்சிகாவுக்கு அந்த ஏச்சில் உப்புப் புளி காணாது போலிருந்தது.

முதல் லீவில் அவள் சீருடையோடு ஊருக்கு வந்தாள். பூமணி வீடு வீடாக நடந்து, இப்போதுதான் செய்தி தெரிந்ததுபோல எல்லாருக்கும் சொன்னாள். எல்லாரும் நல்ல பிள்ளைகளாக ஆச்சரியப்பட்டார்கள்.

தக்சிகாவுக்கு ஏரம்பு வீட்டில் ஒரு வேலை இருந்தது. மன்னாரில் இறங்கியபோதே நல்ல தடித்த நைலோன் கயிறாகப் பார்த்து வாங்கியிருந்தாள். இவ்வளவு நாளும் மென்று விழுங்கியதை இன்றைக்கு மரியாதையாகவே சொல்லிவிடுவது என்று போனாள்.

பகல் பத்து மணி இருக்கும். ஏரம்பு சாய்மனைக் கதிரையில் வாய் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வேப்பமரத்தடியில் நாம்பன் படுத்துக் கிடந்தது. அதன் கழுத்தில் கயிறே இல்லை.

"இந்தாங்கோ அக்கா," என்று பிரேமினியிடம் கயிற்றை நீட்டினாள் தக்சிகா. "பெரியப்பாவிட்டைக் குடுங்கோ. இனியெண்டாலும் நாம்பனை ஒழுங்காக் கட்டச் சொல்லுங்கோ. அது ஒவ்வொரு நாளும் அவிட்டுக்கொண்டு ஓடி என்ரை உயிரை வாங்கிப் போட்டுது."

பிரேமினி கயிற்றை வாங்கி இழுத்துப் பார்த்தாள். கதிரையில் கிடந்த மாமனாரையும் மரத்தடியில் கிடந்த மாட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அலுப்போடு சொன்னாள்:

"மாடில்லாத வீட்டுப் பிள்ளை கண்டைத் தேடி ஓடின அண்டைக்கே, 'பாவம், பிள்ளைக்குத் துரத்த ஒரு மாடு வேணும்' எண்டு சொல்லிப்போட்டு, நீ எழும்ப முந்தியே எழும்பி, நீ ஓடுற பக்கம் பார்த்து அதை அவிட்டுக் கலைச்சுவிட்ட மனுசன், பிள்ளை. நீ போனாப் பிறகுதான் ரெண்டும் நித்திரை கொள்ளுதுகள்."