எல்லப்பன் கை நனைத்தான்

"உள்ள போனதும் தண்ணி மட்டும் குடி. வேற எதையும் தொட்டுடாத. கை நனைச்சுட்டன்னா காரியம் முடிஞ்சுது, தெரியுதா?"

குருபரப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து சென்னம்மா இதைச் சொல்வது ஐந்தாவது தடவை. தம்பி எல்லப்பன் "ம்" என்றான். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. முந்தாநாள்தான் கிருஷ்ணகிரியில் பல் டாக்டர் அவனுடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார். வலது கன்னம் இன்னும் பன் மாதிரி உப்பிக்கொண்டிருந்தது.

பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். அந்தப் பக்கத்தில் இதை மீறினவர்கள் கிடையாது. சென்னம்மாவுக்கோ இந்த இடத்தில் மனம் ஒட்டவில்லை. ஊத்தங்கரையில் கிணறும் எட்டு ஏக்கரும் உள்ள வீடு ஒன்றை நாளைக்குப் பார்ப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள். இங்கே சும்மா தலையைக் காட்டிவிட்டுப் போவதுதான் திட்டம்.

எல்லப்பனுக்குப் பெண்ணைப் பற்றிய நினைப்பே இல்லை. ஓசூர் எண்ணெய் மில்லில் என்ஜின் ஓட்டுகிற ஆள். வேளைக்கு மூன்று உருண்டை களி அவன் கணக்கு. இரண்டு நாளாக வெறும் கஞ்சித் தண்ணீர். "மூணாம் நாள்லேருந்து மெத்துன்னு சாப்பிடலாம், சூடும் காரமும் கூடாது" என்று டாக்டர் சொன்ன அந்த மூன்றாம் நாள் இன்றைக்குத்தான் விடிந்தது. விடிந்ததும் அக்கா பஸ் ஏற்றிவிட்டாள்.

"பல்லு புடுங்கினதையும் வாய விட்டுடாத. இருபத்தாறு வயசுலயே பல்லு போச்சுன்னு ஊத்தங்கரை வரைக்கும் பரப்பிடுவாங்க."

"ம்."

பெண் முனிலட்சுமியின் அப்பா நாராயணப்பன் பாய் விரித்து உட்காரவைத்தார். அவருடைய தங்கை வெங்கடம்மா தட்டு நிறைய முறுக்கு கொண்டுவந்து வைத்தாள். எல்லப்பன் அதைக் கருங்கல் ஜல்லியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். தம்பியின் கட்டுப்பாட்டை நினைத்துச் சென்னம்மாவுக்குப் பூரிப்பாக இருந்தது.

"தம்பிக்குக் கன்னத்துல என்னங்க?" என்றார் நாராயணப்பன்.

"பொறவியிலயே அப்பிடித்தாங்க."

"ஒரு பக்கம் மட்டுமா?"

"எங்க அப்பாருக்கும் அப்பிடித்தாங்க. எங்க வம்சத்துல ஆம்பளைங்களுக்கு வலது கன்னம் கொஞ்சம் செழிப்பு."

வெங்கடம்மா இடப்பக்கம் நின்று ஒரு தரம் பார்த்தாள். பிறகு வலப்பக்கம் போய் ஒரு தரம் பார்த்தாள். "மில்லுல என்னா வேலைங்க தம்பி?" என்று அவனையே கேட்டாள்.

எல்லப்பன் வாயைத் திறந்தான். கொழகொழவென்று ஏதோ வந்தது.

"பேச்சும் பொறவியிலயேவா?" என்றார் நாராயணப்பன், கவலையோடு.

"ஐயோ, இல்லீங்க! கூச்சம்!" என்றாள் சென்னம்மா. ஒரு பொய்யை மூட இன்னொரு பொய் தேவைப்பட்டதில் அவளுக்கே வியர்த்துவிட்டது. "போயி முகத்தக் கழுவிட்டு வாடா" என்று அவனைக் கொல்லைக்கு விரட்டினாள்.

கொல்லைத் தாழ்வாரத்தில் யாரும் இல்லை. எல்லப்பன் வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பினான். சமையலறை வாசலில் ஒரு மூங்கில் கூடை கவிழ்த்து வைத்திருந்தது. அதற்கடியில் என்ன இருக்கும்? பார்ப்பதில் தப்பில்லையே என்று தூக்கினான்.

மூன்று கிண்ணங்கள். முதலாவதில் மோர் கரைத்த ராகிக் கூழ். கூழுக்குப் பக்கத்தில் வெங்காயமும் பச்சை மிளகாயும் இருக்கவேண்டும், இல்லை. இரண்டாவதில் களியும் பருப்புக் கடைசலும். களி உருண்டை தேங்காய் அளவு இருக்கவேண்டும், இங்கே எலுமிச்சை அளவில் ஆறு. மூன்றாவதில் வெல்லம் போட்டுப் பிசைந்த வாழைப்பழம்.

எல்லப்பனுக்குப் பசியைக்கூட ஒரு கணம் மறக்கடித்தது ஆச்சரியம். இது யாருக்கான சாப்பாடு? வீட்டில் கைக்குழந்தை இல்லை. படுத்த படுக்கையாகவும் யாரும் இல்லை. கடைசலில் மிளகாய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தான். இல்லை. கூழ் சூடா என்று பார்க்க ஒரு வாய் குடித்தான். ஆறியிருந்தது. சந்தேகம் தீர இன்னொரு வாய் குடித்தான். களி உருண்டை தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கியபோது அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது.

சந்தேகம் முழுதும் தீர்ந்தபோது மூன்று கிண்ணமும் காலி. அவசரமாகக் கூடையைக் கவிழ்த்தான். நிமிர்ந்தால் எதிரே வெங்கடம்மா நிற்கிறாள்.

"அண்ணே! மாப்ள கை நனைச்சுட்டாரு!"

தம்பி மாப்பிள்ளையாகிவிட்டதைக் கேட்டுச் சென்னம்மா கொல்லைக்கு ஓடிவந்தாள். பின்னாலேயே நாராயணப்பன், வாயெல்லாம் பல்லாக.

"அவன் சாப்பிடவே இல்லீங்க!" என்றாள் சென்னம்மா.

"மீசையில கூழு இருக்குதேங்க."

"இருக்கட்டும். மென்னானா? மெல்லாம முழுங்கினது சாப்பிட்டதுல சேராது!"

"நம்ம பக்கம் களிய யாருங்க மெல்றாங்க? அப்பிடிப் பாத்தா நான் பொறந்ததுலேருந்தே சாப்பிடல!"

சென்னம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. ஊத்தங்கரைக் கிணறு கண்ணெதிரே வற்றிக்கொண்டிருந்தது. மூடி வைத்ததை அவளே போட்டு உடைத்தாள். "உண்மையச் சொல்லிடறேங்க. முந்தாநாளு இவனுக்குப் பல்லு புடுங்கியிருக்குது. ரெண்டு நாளாப் பட்டினி. இது பசியில குடிச்சது, சம்மதத்துல குடிச்சது இல்ல. பல்லு போனவனுக்கா உங்க பொண்ணக் குடுப்பீங்க?"

இதைக் கேட்டு நாராயணப்பன் அதிர்ந்து போவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ தலையை ஆட்டிக்கொண்டார். வெங்கடம்மாவும் திடுக்கிடவில்லை. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது, கூடவே அடக்கிய சிரிப்பு.

எல்லப்பனுக்கு இதெல்லாம் காதில் விழவே இல்லை. காலிக் கிண்ணங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாளில் முதல் தடவையாக அவன் வாயிலிருந்து ஒரு கேள்வி தெளிவாக வந்தது.

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். எதுலயும் ஏங்க காரமே போடல?"

நாராயணப்பன் தங்கையைப் பார்த்தார். வெங்கடம்மா கதவைப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள்:

"நீங்க கண்ண மூடிக்கிட்டு டாக்டருகிட்ட அலறினப்ப எங்க முனிலட்சுமியும் அங்கதான் பல்லு காட்ட உக்காந்திருந்தா மாப்ள, போட்டோவுல பாத்த மொகம்னு கண்டுக்கிட்டா, டாக்டரு சொன்னதையும் கேட்டுக்கிட்டா, வீட்டுக்கு வந்ததும், 'அவர மூணாம் நாளு காலையில வரச் சொல்லுங்க, சமையல நான் பாத்துக்கறேன்'னுட்டா!"