ரோமாபுரி மரியாதை

“ஓக் இலைக்கு நான் எங்க போவேன் தம்பி? நம்ம டத்தோ கிராமாட் பக்கம் மாவிலைதான் இருக்கு.”

“மாவிலையே போதும் சார்.”

இராயப்பன் வாத்தியார் மாவிலைகளை வளையமாகக் கட்டி லாரன்ஸின் தலையில் வைத்துப் பார்த்தார். இரண்டு சிவப்பு எறும்புகள் அவன் காதை நோக்கி இறங்கின. லாரன்ஸ் அசையவில்லை. வாத்தியாரின் மகள் ஐரீன் கதவருகே நின்றிருந்தாள்.

போன வாரம் சம்பான் படகிலிருந்து கடலில் விழுந்த வாத்தியாரை இழுத்துக் கரை சேர்த்தவன் துறைமுகக் குமாஸ்தாவான லாரன்ஸ்தான். “என்ன வேணும், கேளு” என்றார் அவர். லாரன்ஸுக்கு ‘ஐரீன்’ என்று சொல்ல வாய் வரவில்லை. ரோமாபுரியைப் பற்றி அப்போது படித்துக்கொண்டிருந்த தடித்த புத்தகம் நினைவுக்கு வந்தது. போரில் சக குடிமகனின் உயிரைக் காத்தவனுக்கு அங்கே ஓக் இலைமுடி சூட்டுவார்களாம். முடியோடு நின்று பெண் கேட்டால் யார் மறுப்பார்?

“இதை ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சூட்டுங்க சார். ஆனா இவன்தான் காப்பாத்தினான்னு நீங்களே சாட்சி சொல்லணும். அதான் ரோமாபுரி முறை.”

வாத்தியாரின் முகம் சுருங்கியது. “நான் நீந்திக்கிட்டுதானே இருந்தேன்?”

“முங்கிக்கிட்டு இருந்தீங்க சார்.”

“அது ஒரு மாதிரி நீச்சல் லா.”

லாரன்ஸ் ஓடிப்போய்ப் புத்தகத்தையே கொண்டுவந்து கொடுத்தான். வாத்தியார் எதையும் பாதியில் மூடி வைக்கிறவர் அல்லர்.

மறுநாள் மாலை லாரன்ஸ் உள்ளே நுழைந்ததும் வாத்தியார் எழுந்து நின்றார்.

“உட்காருங்க.”

நேற்றுவரை ‘உட்காரு’. லாரன்ஸ் குழம்பினான். “நீங்க உட்காருங்க சார்.”

“நீங்க நிக்கிறப்ப நான் எப்படி?”

இருவரும் நின்றார்கள்.

“சார், எனக்கு முடியே வேணாம். விட்டுடுங்க.”

“எப்படி விடறது? பங்குச் சாமியார்கிட்ட சாட்சி சொல்லிட்டேன். காப்பாத்தினவரை ஆயுசுக்கும் பெத்த தகப்பனா நடத்தணும்னு அடுத்த பக்கத்துலயே போட்டிருக்கே. கடமைன்னா கடமை.”

இனியும் தாமதித்தால் ஆபத்து.

“சார், நான் வந்ததே ஐரீன் விஷயமாத்தான்…”

வாத்தியாரின் மனைவி கேத்தரின் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குனிந்து கோப்பியை நீட்டினாள்.

“நானும் அதைத்தான் கேக்க நெனச்சேன் மாமா. உங்க பேத்திக்கு ஒரு நல்ல மாப்பிள்ளையா நீங்கதான் பாத்துக் குடுக்கணும்.”