செயலாளர் போட்ட கையெழுத்து

செயலாளர் அன்று இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். பஸ் பணிமனைச் சங்கத்துக்கு இருபது வருஷமாக அவர்தான் செயலாளர். நிர்வாகத்தோடு மூன்று நாள் மல்லுக்கட்டி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“பழைய ஆளுங்க பென்ஷன்ல ஒரு பைசா குறையாது!” என்று மார்தட்டினார்.

மகள் பெட்டியைத் தொடவில்லை. அதே பணிமனையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து அவளுக்கு நாலே மாதம்.

“புது ஆளுங்களுக்கு?”

“பாதிச் சம்பளம். பென்ஷன் கிடையாது. ஏதாவது விட்டுக்குடுத்தாத்தானே அவங்க ஒத்துக்குவாங்க?”

“உங்களுதை விட்டுக்குடுத்திருக்கலாமே! அதே பஸ், அதே ஸ்பானர். என் கை மட்டும் பாதியா வேலை செய்யுதா? எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“நாங்க போராடி வாங்கினோம். நீங்களும் போராடுங்க.”

“யாரோட? கையெழுத்து உங்களுது!”

அவள் கதவை அறைந்த அறையில் காலண்டர் கீழே விழுந்தது. மனைவி அதை எடுத்து மாட்டினாள். அவர் ஓர் இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். சங்கப் பதவி மட்டும் மாதக் கடைசி வரை. சனிக்கிழமை காலை நாற்காலியில் சாய்ந்து குரல் கொடுத்தார். அரை டம்ளர் காபி வந்தது.

“என்னடி இது?”

“புதுசா சேர்ந்தவங்களுக்குப் பாதிதாங்க.”

“முப்பது வருஷமா இது என் வீடு!”

“தூங்க வந்தீங்க. பகலெல்லாம் நடத்துனது நான். முழுநேரமா இன்னிக்குத்தான் சேர்ந்திருக்கீங்க. ஃபேன் பழைய ஆளுங்களுக்கு. உங்களுக்கு ஸ்டோர் ரூம். வேலையைப் பார்த்துட்டு, அடுத்த வருஷம் வச்சுக்கலாமான்னு சொல்றேன்.”

மதியம் அரைத் தட்டுச் சோறு. ஸ்டோர் ரூமில் வேர்த்துக் கொட்டியது. சாயங்காலம் வெடித்தார்.

“அநியாயம்! என்னைக் கேட்காம முடிவு பண்ண நீ யாரு?”

“கத்தினா செல்லாதுங்க. எழுத்துல குடுங்க” என்று சங்கத் தாளையும் பேனாவையும் அவளே கொண்டுவந்து வைத்தாள்.

கோபத்தில் அவருக்குக் கண்மண் தெரியவில்லை. எழுதித் தள்ளினார். ‘பின்னால் வந்தவர் என்பதற்காகப் பாதி கொடுப்பது பகல் கொள்ளை. சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் செய்த ஏற்பாடு செல்லாது. உடனே ரத்து செய்க!’ பழக்க தோஷத்தில் கையெழுத்தும் போட்டு, கீழே பையிலிருந்த ‘செயலாளர்’ முத்திரையையும் குத்தி, அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அவள் இரண்டு தடவை படித்தாள். மகளிடம் கொடுத்தாள்.

“போதுமா பாரு.”

“தாராளமா போதும்மா.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பிடுங்கப் பாய்வதற்குள் மகளின் ஸ்கூட்டர் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

திங்கட்கிழமை பணிமனை வாசலில் கடிதத்தை மைக் வைத்துப் படித்தார்கள். ஒப்பந்தத்தைத் திரும்பப் பேசச் சொல்லி நிர்வாகத்துக்கு நோட்டீஸ் போனது. பழைய ஆட்கள் பல்லைக் கடித்தார்கள். இளசுகளோ அவரை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்து, “செயலாளர் வாழ்க!” என்று ஊர்வலம் கிளம்பிவிட்டார்கள். எப்படி இறங்குவதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை.