ஹாஜர் கண்டுபிடித்த தோல்வி

கூட்டம் தொடங்கி இருபது நிமிடமாகியும் ஒருவர்கூட ஒரு தோல்வியைச் சொல்லவில்லை.

“இங்க யாரும் யாரையும் திட்டப் போறதில்ல,” என்றார் இயக்குநர் ரிதா. “மதிப்பீடுங்கறது குத்தம் கண்டுபிடிக்க இல்ல, கத்துக்கறதுக்கு. எங்க சறுக்கினோம்னு மனசு விட்டுப் பேசுங்க.”

போன வருடம் மனம் விட்டுப் பேசிய ஒருவர் இப்போது ஸ்ஃபாக்ஸ் நகரில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். அது எல்லோருக்கும் தெரியும்.

“என்கிட்ட ஒரு குறை இருக்கு,” என்றார் கணக்காளர் நூரி. “ரொம்ப உழைக்கறேன்.”

ரிதாவின் முகம் தொங்கிவிட்டது. நிதி தரும் அறக்கட்டளையிலிருந்து மதாம் ஆமால் வியாழக்கிழமை வருகிறார். இந்த நிறுவனம் தன் தவறுகளிலிருந்து கற்றுக்கொள்கிறது என்பதற்கு ஒரு சான்றாவது காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடம் நிதி கிடையாது. முதலில் போகப் போவது, இரண்டு மாதம் முன்பு சேர்ந்த மதிப்பீட்டு அலுவலர் ஹாஜரின் வேலை.

யாராவது ஆரம்பித்தால் மற்றவர்களும் வாய் திறப்பார்கள் என்று ஹாஜருக்குத் தோன்றியது. யார் தலையும் உருளாத தோல்வியாக இருக்க வேண்டும். மலைமேல் இருக்கும் ஹன்ஷீர் தூத் கிராமம் நினைவுக்கு வந்தது. மூன்று வருடம் முன்பு அங்குள்ள பெண்களுக்குத் தக்காளி காயவைக்க நாற்பது வெயில் பெட்டிகள் கொடுத்த திட்டம். அறிக்கையில் ‘முழு வெற்றி’ என்று இருந்தது. அதை நடத்தியவர் கனடா போய்விட்டார். அந்தப் பாதையில் ஏறி யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

“ஹன்ஷீர் தூத்ல நம்ம பெட்டியில யாரும் தக்காளி காயவைக்கறதில்ல, ஸார்,” என்றபடி எழுந்தாள். “கோழி அடைக்கறாங்க.”

ரிதா எழுந்து நின்று கைதட்டினார். “பாத்தீங்களா! இதுக்குப் பேர்தான் தைரியம்!”

ஹாஜர் அவசரமாக இடைமறித்தாள். “எல்லாப் பெட்டியிலயும் இல்ல. ஒண்ணு ரெண்டுலதான்…”

“ஒண்ணு ரெண்டுக்கா நீ எழுந்திருப்பே? விவரமா எழுதிக் குடு.”

மூன்று பக்கம் எழுதினாள். இதோடு விஷயம் அடங்கட்டும் என்று, ‘அப்பெண்களுடன் பேசி வருகிறோம்’ என்று முடித்தாள். வியாழக்கிழமை வந்த மதாம் ஆமாலுக்கு அந்த வரிதான் ரொம்பப் பிடித்துப்போனது.

“பத்து வருஷத்துல ஒரு தோல்வி அறிக்கைய இப்பதாம்மா படிக்கறேன். நாளைக்கே அங்க போவோம். நீங்க பேசறத நானும் கேக்கணும்.”

“பாதை ரொம்ப மோசம், மதாம்.”

“எங்க ஜீப் பாலைவனத்துக்கே போயிட்டு வந்தது.”

ஹாஜர் மாடிப்படிக்கு ஓடி, அந்த ஊர்ப் பெண்கள் சங்கத் தலைவி மப்ரூகாவைத் தொலைபேசியில் பிடித்தாள். வெற்றியை ஜோடித்துக் காட்டுகிறவர்களைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். தோல்வியை ஜோடிப்பது எப்படி என்று யாரிடம் கேட்பது?

“லல்லா மப்ரூகா, நாளைக்கு நாங்க வர்றோம். ஒரு உதவி. அந்த வெயில் பெட்டிங்க இருக்கே, அதுல ஒரு மணி நேரம் கோழிய அடைச்சுக் காட்டணும்.”

“வெயில் பெட்டியா! நாளைக்கேவா வர்றீங்க?”

“ஆமா. கோழி கெடைக்குமா?”

“கோழிக்கு என்ன பஞ்சம்! எத்தனை வேணும்?”

“பெட்டிக்கு ஒண்ணு.”

“வா மகளே, வா. உன் வாய்க்குத் தேனும் வெண்ணெயுமா தர்றேன்!” என்று அந்தப் பக்கம் சிரித்துவிட்டு வைத்தாள்.

மறுநாள் ஜீப் ஊருக்குள் நுழைந்தபோது சங்கத்து முற்றத்தில் பெண்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். கால் கட்டிய நாற்பது கோழிகள் வரிசையாகக் கிடந்து கத்தின. ஹாஜருக்கு மூச்சு வந்தது. மதாம் ஆமால் குறிப்பேட்டைத் திறந்தார். ரிதா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

மப்ரூகா பெண்கள் இருவரையும் கட்டித் தழுவி, ரிதாவுக்குக் கை கொடுத்தாள். பிறகு ஜீப்பின் பின்புறம் போய் எட்டிப் பார்த்தாள்.

“கோழி நாப்பதும் தயார், மகளே. மூணு வருஷமா வரும் வரும்னு பாத்துக்கிட்டிருக்கோமே, அந்தப் பெட்டிங்க பின்னால லாரியில வருதா?”