முறுக்கு அச்சும் ஆறு வெற்றுக் கோதுகளும்

எனக்கு எதையும் தெரிவு செய்யத் தெரியாது. இதைத் தன்னடக்கத்தில் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் எல்லோரும் ஏகமனதாக ஏற்றுக்கொண்ட உண்மை இது. நான் பொறுக்கி எடுத்த கத்தரிக்காய்க்குள் கட்டாயம் புழு இருக்கும். கடையில் நான் போய் நிற்கும் வரிசை அத்தோடு நகராது. கனடாவில் 'கொஞ்சம் குளிர்தான்' என்று ஒருவர் சொன்னதை நம்பி ரொறன்ரோவுக்கு வந்தவன் நான். அப்படிப்பட்ட என்னிடம், தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு நாள், "உனக்கு எந்தத் துவக்கு வேண்டும், நீயே தெரிவு செய்" என்று கேட்டார்கள். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது எனக்கு ஒரு பெரிய கட்டடத்தின் நிலக்கீழ்க் கார்த் தரிப்பிடத்தில் காவல் வேலை. விடியமுன் உள்ளே இறங்கினால் இருட்டியபின் ஏறி வருவேன். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். கைக்குழந்தையாக இருந்த என் மகள் என் முகத்தைக் கண்டு சிரித்ததில்லை, புகை நாற்றத்தை வைத்துத்தான் இது அப்பா என்று பிடிப்பாள். வெக்ஸ்போர்ட்டில் எங்கள் ஒற்றை அறை வீட்டின் ஜன்னலுக்கு வெளியே சூரியன் என்று ஒன்று வந்துபோவதாக மனைவி வதனா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்த நிலைமையில்தான் என் பெரியம்மாவின் மகன் குலம் அண்ணை ஒரு வேலை கொண்டுவந்தார். வங்கிகளுக்குப் பணம் ஏற்றிப்போகும் வான் கம்பனி ஒன்றில் அவர் காவலாளி. அங்கே ஆள் எடுக்கிறார்களாம். நாள் முழுக்க நிலத்துக்கு மேலே வேலை. குண்டு துளைக்காத கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் சூரியன் சூரியன்தானே! எனக்கு வாயூறியது. இடுப்பில் துவக்குக் கட்டவேண்டும் என்பதை மட்டும் குலம் அண்ணை கடைசியாக, தேத்தண்ணியைக் குடித்து முடித்தபிறகு சொன்னார்.

வதனா கோப்பையை எடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவளுடைய தம்பியை ஊரில் ஒழுங்கைக்குள் வைத்துச் சுட்டார்கள். யார் சுட்டது என்று கேட்கக் கூடாது. அந்த நாட்களில் எங்கள் ஊரில் அப்படியொரு நாகரிகம் இருந்தது. அவன் பக்கத்தில் கிடந்த, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோது ஒன்றை வதனா பொறுக்கி வைத்திருந்தாள். ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, வழியில் ஆமி சோதித்தால் என்ன செய்வது என்று தாய் கத்தியதால், அதைக் கிணற்றுக்குள் போட்டாளாம். கலியாணமான புதிதில் ஒரேயொரு முறை எனக்கு இதைச் சொன்னாள். பிறகு நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"தூக்கித்தான் ஆகோணுமோ?" என்று கேட்டாள்.

"சும்மா இடுப்பில கிடக்கும் தங்கச்சி. நான் இத்தனை வருசத்தில ஒருக்காலும் வெளியால எடுக்கேல்லை" என்றார் குலம் அண்ணை.

வதனா என்னைப் பார்த்தாள். என் கறுத்த கொலரைப் பார்த்தாள். "பிஸ்டல் வேண்டாம். தம்பியைச் சுட்டது பிஸ்டல். வேற எந்தச் சனியனை எண்டாலும் கட்டிக்கொண்டு போங்கோ. ஆனா அது இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். அவள் என்னிடம் அவ்வளவுதான் கேட்டாள். அதைக்கூட என்னால் ஒழுங்காகக் கொடுக்க முடியவில்லை.

கம்பனியின் பயிற்சிக்கூடம் அஜின்கோர்ட் பக்கம் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருந்தது. பயிற்சி தருபவர் றொன் என்ற பெரிய வெள்ளைக்காரர். மேசையில் பளபளவென்று பிஸ்டல்களைப் பரப்பி வைத்திருந்தார். நான், கலியாணவீட்டுப் பந்தியில் மீன்குழம்பு கேட்டவனைப்போல, "ரிவோல்வர் இருக்கா?" என்றேன்.

குலம் அண்ணைக்கு மானம் போய்விட்டது. "டேய் ரவி, உலகமெல்லாம் முன்னுக்குப் போகுது. நீ ஏன்ரா பின்னுக்குப் போறாய்?" என்று காதுக்குள் சீறினார்.

றொன் தலையைச் சொறிந்தார். கம்பனி பிஸ்டலுக்கு மாறிவிட்டதாம். களஞ்சியத்தில் பிஸ்டல் ரவைகள் மட்டும்தான் இருக்கின்றனவாம். பிறகு ஏதோ ஞாபகம் வந்து உள்ளே போய், தூசு படிந்த பெட்டி ஒன்றோடு வந்தார். அதற்குள் ஒரு ரிவோல்வர். ஆனால் பிஸ்டல் ரவையைப் போட்டுச் சுடுகிற ரிவோல்வர். யாரோ பரீட்சார்த்தமாக வாங்கி, யாருக்கும் பிடிக்காமல் கிடந்ததாம். (யாருக்கும் வேண்டாத பொருள் என்றால் என் கண்ணுக்கு அது உடனே வடிவாகத் தெரியும்.) நான் கையில் வாங்கினேன். மனது குளிர்ந்துபோனது. பார்வைக்கு ரிவோல்வர், ஆகவே வதனாவுக்குக் கொடுத்த வாக்குத் தப்பவில்லை. உள்ளே போவது பிஸ்டல் ரவை, ஆகவே கம்பனிக்கும் கரைச்சல் இல்லை. மனைவிக்கும் முதலாளிக்கும் ஒரே நேரத்தில் நல்ல பிள்ளையாக நடக்க வழி கண்டுபிடித்த முதல் தமிழன் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"இதுவே போதும்" என்றேன்.

றொன் நீளமாக விளக்கம் சொன்னார். என் அந்த நாள் ஆங்கிலத்துக்கு அதில் பாதி விளங்கியது. ரிவோல்வர் ரவையின் அடியில் ஒரு விளிம்பு இருக்கும். அதில் பிடித்துத்தான் வெற்றுக் கோதை வெளியே தள்ளுவது. பிஸ்டல் ரவைக்கு அந்த விளிம்பு இல்லை. அதனால் ஆறு ரவைகளையும் ஒரு மெல்லிய வட்டத் தகட்டில் கொளுவி, தகட்டோடு உள்ளே வைத்து, தகட்டோடு வெளியே தள்ளவேண்டும். மிச்சப் பாதியில் அவர் என்ன சொன்னார் என்பதைச் சோதனை நாளன்று தெரிந்துகொண்டேன். தகடு இல்லாவிட்டாலும் ரவை உள்ளே போகும், சுடும். ஆனால் லேசில் வெளியே வராது.

கொளுவிப் பழகச் சொல்லி, மருந்தில்லாத பொய் ரவைகளோடு மூன்று தகடுகளையும் தந்துவிட்டார். பொய் ரவைகளைப் பயிற்சிக்கூட லொக்கரில் போட்டுவிட்டு, தகடுகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வதனா 'படி ஏறக்கூடாது' என்றது துவக்கைத்தானே, தகட்டை இல்லையே! (சட்டம் படித்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.) நடுவில் ஓட்டையும் சுற்றிவர அரைவட்டக் கடியுமாக அந்தத் தகடு அச்சொட்டாக முறுக்கு உரலின் அச்சுப்போலவே இருந்தது. ஆகவே அதை ஒளிக்க உலகத்திலேயே சிறந்த இடம் முறுக்கு அச்சு இருக்கும் பிஸ்கட் ரின் என்று முடிவு செய்தேன். என் கைலேஞ்சியில் முடிந்து அடியில் வைத்தேன்.

தீபாவளி வரப்போகிறது என்பது எனக்கு ஞாபகமில்லை. நிலத்துக்குக் கீழே தீபாவளி வருவதில்லை.

சோதனை நாளன்று காலை கைலேஞ்சி முடிச்சை எடுத்துப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு ஓடினேன். பயிற்சிக்கூடத்தில் என்னோடு இன்னும் சிலர் வரிசையாக நின்றார்கள். ஆறு சூடு, திரும்ப ரவை மாற்றி இன்னும் ஆறு சூடு. நேரம் பார்ப்பார்கள். நான் கம்பீரமாகக் கைலேஞ்சியை அவிழ்த்தேன். உள்ளே மூன்று முறுக்கு அச்சு. நல்ல சுத்தமாகக் கழுவி, துடைத்து, எள்ளும் ஓமமும் மணக்க மணக்க இருந்தன.

றொன் ஒரு அச்சைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது என்ன?" என்றார். முறுக்கை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? கையால் காற்றில் பிழிந்து காட்டினேன். அவர் இன்னும் பயந்துபோனார்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லி இன்னொரு நாள் கேட்டிருக்கலாம். எனக்குச் சூரியன் அவசரம். ரவைகளைத் தகடில்லாமல் ஒவ்வொன்றாக உள்ளே போட்டேன். போயின. சுட்டேன். ஐயோ, அன்றைக்குப்போல நான் என் வாழ்க்கையில் எதையும் குறி தவறாமல் செய்ததில்லை! ஆறும் நடுவில். இனி நிலத்துக்கு மேலேதான் என்று நெஞ்சு துள்ளியது.

பிறகு கோதுகளை வெளியே தள்ள, தண்டை அமத்தினேன். ஒன்றும் வரவில்லை. குலுக்கினேன். நகத்தால் கிண்டினேன். தட்டினேன். ஒரு ஈர்க்குத் துண்டு இருந்தால் போதும், நெம்பி எடுத்துவிடலாம். அந்த நினைப்பிலேயே, "ஒரு குச்சி இருக்கா?" என்று தமிழிலேயே கேட்டபடி, கையில் துவக்கோடு முழுசாகத் திரும்பினேன்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் தொபுக்கென்று நிலத்தில் விழுந்தார்கள். றொன்னும் விழுந்தார்.

ஆட்கள் விழுந்தால் நானும் விழவேண்டும், அது ஊரில் பழகினது. ஏன் என்று கேட்கிறவன் உயிரோடு இருக்கமாட்டான். நானும் குப்புற விழுந்தேன், முழங்கை நிலத்தில், வாய் திறந்தபடி. துவக்குக்குள் சுடக்கூடிய ரவை ஒன்றுகூட இல்லை, ஆறும் வெறுங்கோது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த நேரம் எனக்கும் மறந்துபோனது. தன் கையில் இருக்கிற துவக்குக்குப் பயந்து தானே படுத்தவன் இந்த நாட்டில் நான் ஒருவன்தான்.

கொஞ்ச நேரத்தில் றொன் ஊர்ந்து வந்து என் கையிலிருந்து அதை வாங்கினார். மற்றவர்கள் தூசு தட்டிக்கொண்டு எழும்பினார்கள். நான் எழும்பவில்லை. விழுந்தவுடன் எழும்பக் கூடாது, இரண்டாவது சூடு வரும். அதுவும் ஊரில் பழகினதுதான். அப்படியே தலையைத் திருப்பிப் பார்த்தேன். வெளி நடையிலிருந்து பார்க்க நிலம்வரைக்கும் ஒரு கண்ணாடிச் சுவர் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் இன்னொருவரும் எழும்பாமல் கிடந்தார்.

வதனா.

முதல்நாள் முறுக்குச் சுட்டபோது கைலேஞ்சியை அவிழ்த்து, தகடு ஒன்றை உரலில் போட்டுப் பார்த்திருக்கிறாள். மா கண்டபடி வந்திருக்கிறது. கம்பனி வானில் கழன்ற ஏதோ வாசர் வளையம் என்று எடுத்து வைத்துவிட்டு, அதே கைலேஞ்சியால் தன் அச்சுகளைத் துடைத்து அதிலேயே முடிந்துவிட்டாள். காலையில் ரின்னுக்குள் முடிச்சைக் காணாதபோதுதான் நான் எதை எடுத்துப்போனேன் என்று அவளுக்கு ஓடி வெளித்திருக்கிறது. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, என் தகடுகளோடு வந்துவிட்டாள். "வா தங்கச்சி, உன்ர மனிசன் சுடுற வடிவைப் பார்" என்று குலம் அண்ணை கண்ணாடிக்குக் கூட்டிவந்த அதே நிமிடத்தில்தான் நான் துவக்கோடு திரும்பினேன்.

எல்லோரும் எழும்பி நிற்க, கண்ணாடிக்கு இருபுறமும் நாங்கள் இரண்டு பேரும் நிலத்தில் கிடந்து ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் கலியாண வீடியோவில்கூட நாங்கள் அவ்வளவு நேரம் பார்த்துக்கொள்ளவில்லை.

பிறகு முன் மேசையில் றொன் பென்சிலால் குத்திக் குத்திக் கோதுகளை எடுத்துப் போட்டார். வதனா பாவாடையைத் தட்டிக்கொண்டு வந்து, "உங்கட வாசர்" என்று தகடுகளை வைத்தாள். மேசையில் உருண்ட கோது ஒன்றை எடுத்தாள். விரல்களுக்கிடையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கத்தைப் பெருவிரலால் தடவினாள், விளிம்பு தட்டுப்படவில்லை.

"ரிவோல்வர் எண்டுதானே சொன்னீங்கள்?"

"ஓம், ரிவோல்வர்தான். இஞ்ச பாரும்" என்று காட்டினேன்.

"வெளியால ரிவோல்வர். உள்ளுக்க என்னத்தைப் போட்டனீங்கள்? தம்பியின்ரயும் இதுதான்."

றொன்னுக்கு மொழி விளங்கவில்லை, ஆனால் ஏதோ விளங்கியிருக்க வேண்டும், தொப்பியைக் கழற்றினார். அவர் என்னைப் போகச் சொல்லமுன் நானே "எனக்கு இந்த வேலை வேண்டாம்" என்றேன். (எப்படியும் தந்திருக்க மாட்டார்கள், அது வேறு கதை.) வதனா கோதை மேசையில் மற்ற ஐந்தோடும் சேர்த்து வைத்துவிட்டுத் தன் முறுக்கு அச்சுகளை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்து அழுதுகொண்டே வந்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்தேன், அவள் அதை இழுத்துக்கொள்ளவில்லை. அடுத்த கிழமை நான் திரும்ப நிலத்துக்குக் கீழே போனேன்.

குலம் அண்ணை அதைச் சும்மா விடுவாரா? அந்தத் தீபாவளிக்கே முறுக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கிவிட்டார். இப்போது நாங்கள் பிக்கரிங்கில் இருக்கிறோம், வீடு நிறைய ஜன்னல். நான் பழைய கார் பார்த்தாலும், ரீவி வாங்கினாலும், தர்ப்பூசணிப் பழத்தைத் தட்டிப் பார்த்தாலும் பிள்ளைகள் கேட்பார்கள்: "வெளியால வடிவாத்தான் இருக்கு. உள்ளுக்க என்ன போடுறது எண்டு கேட்டனீங்களோ?" போன கிழமை மகள் தான் விரும்பும் பையனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வெள்ளைச் சேட்டு, நல்ல உயரம். அவன் சப்பாத்தைக் கழற்றமுன்னமே அவளே, "அப்பா, பிளீஸ், உள்ளுக்க என்னண்டு நீங்க செக் பண்ண வேண்டாம்!" என்றாள். வீடே அதிர்ந்தது. முறுக்கு அச்சிலிருந்து நான் குப்புற விழுந்ததுவரைக்கும் அந்தப் பையனுக்கு நடித்துக் காட்டினார்கள். கதையில் கடைசியாக அம்மாவும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விழுவாள், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள், அத்தோடு கதை முடியும்.

அந்தக் கேள்வியை முதலில் கேட்டது யார் என்றோ, மேசையில் உருண்ட கோதைப் பற்றியோ பிள்ளைகளுக்குத் தெரியாது. குலம் அண்ணையும் அதை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் வதனா என்னைப் பார்ப்பாள், நானும் அவளைப் பார்ப்பேன். அன்றைக்கும் பார்த்தோம். பிறகு அவள் முறுக்குத் தட்டை எடுத்து, "தம்பி, இன்னும் ஒண்டு எடும்" என்று அந்தப் பையனுக்கு நீட்டினாள்.