ஐம்பது கிலோ மீனுக்கு ஒரு தூண்டில்

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. இளமையில் இந்த வியாதி இன்னும் முற்றிப்போயிருந்தது.

அறுபதுகளில் நெய்வேலி டிராயிங் ஆபீஸில் கான்ட்ராக்ட் டிராப்ட்ஸ்மேனாக இருந்தேன். பெர்மனென்ட் ஆனால்தான் குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் கிடைத்தால்தான் பெண் தருவோம் என்று பண்ருட்டியில் ஒரு வீட்டில் சொல்லியிருந்தார்கள். (பெண்ணுக்கு என்னைப் பிடித்திருந்தது, அவள் அப்பாவுக்குக் குவார்ட்டர்ஸைப் பிடித்திருந்தது.) என்னைப் பற்றி ரிப்போர்ட் எழுத வேண்டியவர் எங்கள் வெளிநாட்டு என்ஜினீயர். துரை என்போம்.

ஒருநாள் துரை பழைய பத்திரிகை ஒன்றோடு வந்தார். அவர் ஊரில் இறகால் செய்த பொய் ஈயைக் காட்டி மீன் பிடிப்பார்களாம். அதற்கான தூண்டில் கோலை, மூங்கிலை ஆறு பட்டையாகப் பிளந்து, இழைத்து, ஒட்டிச் செய்ய வேண்டும். கைப்பிடியிலிருந்து நுனிவரை கோல் எப்படி மெலிந்துகொண்டே போக வேண்டும் என்பதற்குப் பத்திரிகையில் மூன்று அட்டவணைகள் இருந்தன. ஒன்றில் நுனி மட்டும் வளையும், அடுத்ததில் பாதிக் கோல் வளையும், மூன்றாவதில் கைப்பிடி வரை வளையும். நம் ஏரிக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்து வரைந்து தரச் சொன்னார். மீனைக் குழம்பில் மட்டுமே சந்தித்திருந்த நான், "அதற்கென்ன சார்" என்றேன்.

எங்கள் ஆபீஸில் வளைவது என்றாலே அபசகுனம். (நாங்கள் வரைந்ததெல்லாம் மண் வெட்டும் ராட்சச யந்திரங்களின் பாகங்கள்.) ஆகவே நுனி மட்டும் வளையும் முதலாவதை எடுத்தேன். அதுவும் நோஞ்சானாகத் தெரிந்தது. மீனின் எடை பத்திரிகையில் இல்லை. இருபத்தைந்து கிலோ என்று வைத்துக்கொண்டு, ஆபீஸ் வழக்கப்படி சேஃப்டிக்காக இரண்டால் பெருக்கி, கோலையும் அதற்குத் தக்கபடி பருமனாக்கினேன்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த ஆசாரி, வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, மீனப் புடிக்கவா அடிக்கவா? நீங்க வரைஞ்சிகினு வந்தா நான் செஞ்சிட்டுப் போறேன். ஆனா வளையாதுங்க."

அதுதான் இதன் சிறப்பு என்று அவருக்கு விளக்கினேன்.

ஞாயிறு காலை ஏரிக்குப் போனோம். துரை கோலைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசினார். வளைந்து நூலை எறிய வேண்டிய கோல் உலக்கை மாதிரி நின்றது. நூல் அவர் தொப்பி மேலேயே விழுந்தது. கோபத்தில் அடுத்த முறை முழு பலத்தோடு வீசினார். பொய் ஈயின் முள் பின்னால் நின்ற என் சட்டைக் காலரில் மாட்டியது. கோல் அப்போதும் வளையவில்லை. நான்தான் போனேன், கரைச் சரிவில் உருண்டு, இடுப்பளவு தண்ணீருக்கு.

துரை நிதானமாக முள்ளைக் கழற்றினார். எத்தனை கிலோ மீனுக்குக் கணக்குப் போட்டாய் என்று கேட்டார். "ஐம்பது, சார்." அவர் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு கரையேறி நடந்தார். வேலையும் போச்சு, பண்ருட்டியும் போச்சு என்று ஈரச் சட்டையோடு பஸ்ஸில் அழுதேன்.

ஆனால் ரிப்போர்ட்டில் அவர் எழுதியது இதுதான்: இவர் வரைந்த எதுவும் உடையாது, இவரைப் பெர்மனென்ட் ஆக்கலாம், மீன்பிடிக்க மட்டும் அனுப்ப வேண்டாம்.

அந்தக் கோலையே கல்யாணப் பரிசாகவும் கொடுத்துவிட்டார். இன்றுவரை எங்கள் வீட்டில் துணி காய்வது அதில்தான். நனைந்த ஜமுக்காளத்துக்குக்கூட அது வளைந்ததில்லை.

போன மாதம் பேத்திக்குத் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தேன். நான்காவது முடிச்சைப் போடும்போது, வாய் திறந்து பேசவே கூச்சப்படும் எங்கள் மாப்பிள்ளை பக்கத்தில் வந்து மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"எத்தனை கிலோ மீனுக்குங்க மாமா?"