நேர் ஆட்டம், கலப்பு ஆட்டம், ஊதாத் தொப்பி

ஒப்பிட்டுப் பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. லாட்டரி வாங்க எந்தக் கடைக்குப் போனாலும் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் அவர்தான். வாங்கமாட்டார், நகரவும் மாட்டார். மூன்று எண் ஆட்டத்தில் பரிசு சின்னது ஆனால் கைக்கு எட்டும், நான்கு எண் ஆட்டத்தில் பரிசு பெரியது ஆனால் எட்டாது, ஆறு எண் ஆட்டத்தில் பரிசைப் பற்றிப் பேச மட்டும்தான் முடியும், சுரண்டல் சீட்டில் நகம் மட்டும்தான் தேயும் என்று விளக்கிக்கொண்டே இருப்பார். கேட்டீர்களா என்பது அவருக்கு முக்கியமில்லை.

டெட்ராய்ட்டின் ஆறு மைல் சாலையில் நமீரின் கடைக்கு வாய்த்தவர் வெர்னெல் டகில். முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் ஒரு நோட்டு. அதில் பதினொரு வருடத்துக் குலுக்கல் முடிவுகள். யாராவது ஆறு எண் சீட்டு கேட்டால் போதும், நான் ஓட்டிய பேருந்து நேரத்துக்கு வந்ததைவிட இது அபூர்வம் என்று ஆரம்பித்துவிடுவார். அவர் எந்த ஆட்டம் ஆடுகிறார் என்கிறீர்களா? எதுவும் இல்லை. ஒப்பீடு இன்னும் முடியவில்லையே.

அந்தப் பக்கத்துச் சபையில் ஒரு வழக்கம். ஞாயிறு ஆராதனையில் சுவர்ப் பலகையில் எந்தப் பாட்டு எண் தொங்குகிறதோ, அதைத் திங்கள் மதியக் குலுக்கலில் கட்டுவார்கள். பாஸ்டருக்குத் தெரியும், தெரியாத மாதிரி ஜெபிப்பார். வெர்னெல் அந்த எண்ணையும் வாராவாரம் நோட்டில் ஏற்றிக்கொள்வார். குருத்தோலை ஞாயிறன்று தொங்கியது 417. மறுநாள் வரிசையில் நின்ற சிஸ்டர் அர்லெத்தாவுக்கு வேறு கணக்கெல்லாம் கிடையாது. தொப்பிக் கடை ஜன்னலில் ஊதா நிறத்தில், இறகு வைத்து, எழுபத்தைந்து டாலருக்கு ஒரு தொப்பி இருந்தது. ஈஸ்டருக்கு அது வேண்டும். மூன்று வருடமாக அதே பழைய தொப்பியோடு சபைக்குப் போய் அவருக்கு வெட்கமாகிவிட்டது. எப்போதும்போலக் கலப்பு ஆட்டம் கேட்டார். எண்கள் எப்படி மாறி வந்தாலும் பரிசு. எண்பத்து மூன்று டாலர்.

வெர்னெலுக்குப் பொறுக்கவில்லை. சொன்ன வரிசையிலேயே வந்தால் நேர் ஆட்டத்தில் ஐந்நூறு, அதே ஒரு டாலருக்கு! நோட்டைப் பிரித்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பின்னால் நின்றவர்கள் கடிகாரத்தைக் காட்டி முணுமுணுத்தார்கள். மெஷினை மூட ஒரு நிமிஷம்தான் என்றார் நமீர். வெர்னெல் வாயை மூடட்டும் என்பதற்காகவே அர்லெத்தா நேர் ஆட்டம் கட்டினார்.

திரையில் எண்கள் விழுந்தன. ஏழு. நான்கு. ஒன்று.

அர்லெத்தா தன் 417 சீட்டைத் திரைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார்.

"மூணு நம்பரும் வந்திருக்கு பாத்தியா, வெர்னெல்."

"வந்திருக்கு சிஸ்டர். ஆனா நெடுநாள் சராசரின்னு பாத்தீங்கன்னா..."

"என் தொப்பி சராசரியில இல்லப்பா. ஜன்னல்ல இருக்கு."

வெர்னெல் வீடு சேருமுன் செய்தி சேர்ந்துவிட்டது. மனைவி மொசெல் கதவிலேயே வழிமறித்தார். அந்தத் தொப்பி இல்லாமல் ஈஸ்டர் விருந்தில் உனக்குத் தட்டு வைக்கமாட்டேன், பன்றித் தொடைக்கறியின் வாசனை மட்டும் உனக்கு என்றார். வெர்னெல் தொப்பிக் கடைக்குப் போனார். போனவர் வாங்கிக்கொண்டு வந்தாரா? அகல விளிம்புக்கும் குறுகிய விளிம்புக்கும் விலை வித்தியாசம், இறகு ஒன்றுக்கு எவ்வளவு விழுகிறது என்று ஒன்றரை மணி நேரம் நோட்டில் எழுதினார். குறுகிய விளிம்புதான் லாபம் என்று அவர் தீர்ப்புச் சொல்லும்போது மொசெல் வந்து பர்ஸைப் பிடுங்கி, ஜன்னலில் இருந்ததையே எடுத்தார். கடையிலேயே அகலமான விளிம்பு அதற்குத்தான்.

ஈஸ்டர் காலையில் முதலில் தொப்பி உள்ளே வந்தது, பிறகு அர்லெத்தா வந்தார். சபையே திரும்பிப் பார்த்தது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து வெர்னெலுக்கே மனசு குளிர்ந்தது. அவருக்கு நேர் முன் பெஞ்சில் அர்லெத்தா உட்காரும் வரைதான். பாட்டு எண் பலகை மறைந்தது. இடப்பக்கம் சாய்ந்தார், இறகும் சாய்ந்தது. வலப்பக்கம் சாய்ந்தார், விளிம்பு வந்து நின்றது. பதினொரு வருட நோட்டில் இந்த வாரத்து இடம் மட்டும் காலியாகிவிடுமே. கடைசியில் மெதுவாக முன்னால் குனிந்தார்.

"சிஸ்டர், பாட்டு நம்பர் என்ன?"

அர்லெத்தா திரும்பவே இல்லை.

"நேராச் சொல்லட்டுமா, கலந்து சொல்லட்டுமா?"

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். ஐந்நூறு, எண்பத்து மூன்று என்று மேலே படித்தபோது, நானாக இருந்தால் இதைத்தான் கட்டியிருப்பேன் என்று மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதினீர்கள் அல்லவா? காரணம்கூடத் தயாராக இருக்குமே. சந்தோஷம். வெர்னெலுக்குப் பின்னால் ஓர் இடம் இருக்கிறது, வந்து நில்லுங்கள். மெஷினை மூட ஒரு நிமிஷம்தான் இருக்கிறது, பின்னால் நிற்பவர்களுக்குக் கொஞ்சம் வழி விடுங்கள்.